நொச்சிப்பொத்தை வழி

தளவாய்க்கு அறுபத்தொரு வயது. நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய குரு சுயம்புக்கனிக்கு நாற்பத்தாறுதான். தானே பாட்டெழுதித் தானே பாடுகிற பெண். தென்காசிப் பக்கம் அவர் பாட்டுத் தெரியாத வீடு குறைவு.

மனைவி இறந்த பிறகு தளவாய் எட்டு மாதம் வாசலைத் தாண்டவில்லை. ஒருநாள் பக்கத்து வீட்டு ரேடியோவில் சுயம்புக்கனியின் கிணற்றுப் பாட்டு வந்தது. இந்தத் தண்ணீரை யார் இறைக்கலாம், யார் இறைக்கக் கூடாது என்று முதல் இரண்டு சரணமும் ஊர்க் கிணற்றைக் கேட்கும். மூன்றாவது சரணத்தில் தண்ணீர் பதில் சொல்லும். யார் வந்தாலும், யார் வராமல் போனாலும், நான் இங்கேதான் இருக்கிறேன் என்று.

தளவாய் அன்று வாய்விட்டு அழுதார். மறுவாரம் பாட்டுக் கற்றுக்கொள்ளப் போய் நின்றார்.

அந்த நன்றியில்தான் சைக்கிள் பாதையை வரைந்தார். குரு பிறந்த வீடு, படித்த பள்ளிக்கூடம், முதல் பாட்டு எழுதிய வாய்க்கால் கரை, எல்லாவற்றையும் தொட்டுப் போகும் முப்பத்து நான்கு கிலோமீட்டர். பாட்டை விரும்புகிறவர்கள் ஒரு காலையில் மிதித்துவிடலாம்.

சுயம்புக்கனி படத்தை விரித்துப் பார்த்தார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"இங்க ஏன் பாதை இப்படிச் சுத்திப் போகுது, அண்ணாச்சி?"

"அந்தப் பக்கம் நிழல் உண்டு, டீச்சர்."

"நேர் ரோட்டுலயும் புளியமரம் நிக்குதே."

தளவாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நேர் ரோடு நொச்சிப்பொத்தைக்குள்ள போகுது. உங்களப் பாதிப் பாட்டுல மேடைய விட்டு இறக்குன ஊரு. உங்க பேரச் சொல்லிட்டு ஒரு சைக்கிள் அதுக்குள்ள போகக் கூடாது."

"சைக்கிள எடுங்க, போயிட்டு வருவோம்."

இருவரும் மிதித்தார்கள். ஊருக்குள் நுழைந்தார்கள். டீக்கடை பெஞ்சில் ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். அன்று கோயில் கொடை விழாவில் 'இறங்கு' என்று சொன்ன நாட்டாமை அவர்தான். சுயம்புக்கனி அவருக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போனார். தளவாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஊர்க் கடைசியில் ஓர் ஓட்டு வீடு. வாசலில் ஒரு பெண் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள்.

"மாடத்தி அக்கா, இவங்ககிட்ட அன்னைக்கு நடந்ததச் சொல்லுங்க."

மாடத்தி கையை நிறுத்தாமலே சொன்னாள்.

"என்னத்த நடந்தது? இந்தப் பிள்ளைய இறக்கி விட்டுட்டாங்க. தனியா பஸ்ஸுக்குப் போனா. நான் கைப்பிள்ளையத் தூக்கிட்டு கூடவே போனேன். பாட்டுல மிச்சம் என்ன வரும்னு கேட்டேன். பாதியில விட்டா எனக்கு உறக்கம் வராது."

மாடத்தி தளவாய் பக்கம் திரும்பினாள். "இவ என்ன சொன்னா தெரியுமா? மிச்சமே கிடையாதாம். ரெண்டு சரணம்தானாம். அதெப்படி, கிணத்தக் கேட்டா அது ஒண்ணும் சொல்லாதான்னேன். பஸ் வர நேரம் கிடக்குல்லா, யோசின்னேன். ரெண்டு பஸ்ஸ விட்டா. மூணாவது பஸ் வாரதுக்குள்ள பாடிக் காட்டிட்டா."

எட்டு மாத இருட்டிலிருந்து தன்னைத் தூக்கி விட்ட சரணம் அது. தளவாய் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு மாடத்தியின் முன்னால் கை கூப்பினார்.

"எதுக்குய்யா கும்பிடுதீங்க?" என்றாள் அவள். உள்ளே போய் இரண்டு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

திரும்பும்போது தளவாய் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார். பஸ் நிறுத்தம் வந்ததும் நின்றார்.

"பாதை இந்த வழியாவே போகட்டும், டீச்சர். இங்க ஒரு பலகை வைக்கணும்."

"வைங்க."

"நாட்டாமை செஞ்சதையும் அதுல எழுதணும்லா?"

"பலகை எவ்வளவு பெருசு?"

"ரெண்டடிக்கு ஒண்ணரை அடி."

சுயம்புக்கனி சைக்கிளில் ஏறினார்.

"மாடத்தி அக்காவுக்கே இடம் பத்தாதே, அண்ணாச்சி."