விதை இல்லாத ஆணை

முன்னொரு காலத்தில் வெண்குன்ற நாடு என்ற மலை நாட்டை நெடுவேள் என்ற அரசன் ஆண்டுவந்தான். கெட்டவன் என்று சொல்ல முடியாது. ஆனால் காலையில் ஓர் ஆசை, மாலையில் ஓர் ஆணை என்று வாழ்ந்தவன். ஆசைப்பட்டது நடக்க வேண்டும். நடக்காவிட்டால் யாராவது அகப்பட வேண்டும்.

ஒரு மார்கழியில் அவனுக்கு வந்த ஆசை இது: சித்திரையில் தன் முடிசூட்டு நாள் விருந்துக்குப் புதுச்சாமையில் பொங்கல் வைக்க வேண்டும். மலையில் பனி ஓய்ந்த பிறகு, மாசிக் கடைசியில்தான் சாமை விதைப்பார்கள். அப்படி விதைத்தால் சித்திரைக்குக் கதிர்கூட எட்டிப் பார்க்காது.

ஆஸ்தான சோதிடர் தாண்டவராயர் எழுந்தார். அரசன் தும்மினாலும் அதற்கு ஒரு நல்ல நேரம் கண்டுபிடிக்கிற மனிதர்.

"அரசே, தை ஐந்தாம் நாள் உத்தமமான முகூர்த்தம். அன்று விதைத்தால் சித்திரையில் அறுக்கலாம். பனியைக் கிரகங்கள் பார்த்துக்கொள்ளும்."

"வேண்டாம் மகாராசா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. பேசியவள் சிலம்பாயி. ஏழு மலையூர்களுக்கும் பொதுவான விதைக்குதிருக்குக் காவல் அவள்தான். அரண்மனைக்குத் தேன் கொண்டுவந்தவள், கேட்டுவிட்டுச் சும்மா போக முடியாமல் நின்றுவிட்டாள்.

"தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்னு சொல்லுவாங்க. இப்ப விதைச்சா முளை வரும். வந்த முளையைப் பனி கருக்கிடும். குதிர்ல இருக்கிறது ஒரு போகத்து விதைதான். அது போனா ஏழு ஊரும் பட்டினி."

"நான் வானத்தைப் பார்த்துப் பேசுகிறேன். நீ புல்லைப் பார்த்துப் பேசுகிறாய்" என்றார் சோதிடர்.

"பனி விழுறது புல்லு மேலதானுங்க, சாமி."

சபையில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அதுதான் வினையாகப் போயிற்று. அரசன் முகம் சிவந்தது. தை ஐந்தாம் நாளே எல்லாரும் விதைக்க வேண்டும், ஆணைக்குக் கீழ்ப்படியாதவர் நிலம் பறிக்கப்படும் என்றான். ஆணையை எழுதும் பொறுப்பையும் தாண்டவராயருக்கே கொடுத்தான். அவரோ, வெறும் ஆணையாக எழுதினால் புலமை எப்படித் தெரியும் என்று செய்யுளாகவே எழுதி ஓலையில் முத்திரை வாங்கினார்.

தை ஐந்தாம் நாள் வந்தது. வரப்பில் குதிரை வீரர்கள் நின்று பார்த்தார்கள். ஏழு ஊர் மக்களும் கூடை கூடையாக அள்ளித் தூவினார்கள். அரண்மனைக் களஞ்சியத்துச் சாமை முழுவதும் அரசனுடைய ஓடைக்கரை வயலில் விழுந்தது. நல்ல மண்தான். ஆனால் பள்ளம். பனியும் தண்ணீரைப் போலப் பள்ளத்தைத்தான் தேடும்.

பத்தாம் நாள் அரசன் வயலில் பச்சை கண்டது. தாண்டவராயருக்கு 'பருவ சிம்மம்' என்று பட்டம் சூட்டினார்கள். மாசி பிறந்தது. ஒரு விடியலில் மலையே சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்துக் கிடந்தது. வெயில் ஏறியதும் அரசன் வயலில் ஒரு முளை மிச்சமில்லை. எல்லாம் கருகிவிட்டது.

"குடிமக்கள் செய்த பாவம்" என்றார் பருவ சிம்மம். "அவர்கள் வயலையும் தோண்டிப் பாருங்கள்."

தோண்டினார்கள். சாமையும் இல்லை, முளையும் இல்லை. எல்லா ஊரிலும் வெறும் பதர்தான் கிடந்தது.

சிலம்பாயியைக் கை கட்டிக் கொண்டுவந்தார்கள். அரசன் வாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"ஆணையை மீறினாயா?"

"மீறல மகாராசா. அந்த ஓலையை ஒருதரம் படிக்கச் சொல்லுங்க."

அரண்மனை ஓலைகளைக் காக்கும் ஓலைநாயகம் எடுத்துப் படித்தார்: "தைத்திங்கள் ஐந்தாம்நாள் தரணியோர் கூடியே, கைத்தலம் நிறையவே களிப்புடன் தூவுக."

"தூவினோம். இதுல விதைங்கிற சொல்லு எங்க இருக்கு?"

அரசன் சோதிடரைப் பார்த்தான். அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "எதுகைக்கு இடிக்கிறதே என்று விட்டுவிட்டேன், அரசே" என்றார்.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

"சொல்லில் தப்பித்துவிட்டாய்" என்றான் அரசன். "என்னை ஏமாற்றினாயே, பயமாக இல்லையா?"

"பயம்தான் மகாராசா. எட்டு வருசத்துக்கு முந்தி, பனி ஓஞ்சிருச்சுன்னு நம்பி நாங்களே தையில விதைச்சோம். கருகிப்போச்சு. குதிர் காலி. அப்ப என் மகளுக்கு அஞ்சு வயசு. கடைசியா அவ கேட்டது கஞ்சி. என்கிட்ட இல்ல. உங்க வாளுக்குப் பயம் உண்டு. காலிக் குதிருக்கு அதைவிடப் பயம். பதர் நாளுக்குப் பதர் போதும்னு நான்தான் சொன்னேன். தண்டனைன்னா எனக்கு மட்டும் குடுங்க."

நெடுவேள் வாளைக் கீழே வைத்தான்.

"கட்டை அவிழுங்கள். இனி விதைப்பு நாளை இந்தப் பெண் சொல்வாள், அரண்மனை கேட்கும். தாண்டவராயரே, பட்டத்தைக் கழற்றும். நாளை முதல் விடியலில் ஓடைக்கரைக்குப் போய்ப் புல் வெளுத்திருக்கிறதா, பச்சையாக இருக்கிறதா என்று பார்த்து இவளிடம் வந்து சொல்லும். தொடர்ந்து ஏழு நாள் பச்சை என்று நீர் சொல்லும்வரை இதுதான் உமக்கு ஆஸ்தான வேலை."

பிறகு தாழ்ந்த குரலில் கேட்டான்: "உங்கள் விதை பிழைத்தது. என் களஞ்சியம்தான் காலி. இந்த வருஷம் ஓடைக்கரை தரிசுதான், இல்லையா?"

"இல்ல மகாராசா. உங்க முளை கருகும்னு எங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு ஊர் பங்குலயும் நாலு மரக்கால் குறைச்சு, உங்க வயலுக்கும் சேர்த்துத்தான் ஒளிச்சு வச்சோம். நாள் வந்ததும் கொண்டாந்து தரோம்."

அரசன் அரியணையிலிருந்து இறங்கி வந்தான். சற்றுமுன் யாருடைய தலையை வாங்க வாளெடுத்தானோ, அவளுக்கு முன்னால் நின்று கை குவித்தான்.

அந்த வருஷம் வெண்குன்றத்தில் முடிசூட்டு நாள் விருந்து ஆனியில் நடந்தது. சாமை அப்போதுதான் விளைந்தது.