வெள்ளிக்கிழமை எதிரி

"அம்மா, எனக்காக ஒரு சாட்சி சொல்லோணுமுங்க," என்றார் செங்கோடன்.

மலையடிவாரத்து மடத்தில் சாமியம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வயதில் செங்கோடனுக்கு ரொம்ப இளையவர். ஆனால் மனைவி போன பிறகு செங்கோடனின் மனசு ஒரு நிலைக்கு வந்தது இவர் காலடியில்தான். அதனால் அவர் இவரை அம்மா என்பார். இவர் அவரை அண்ணா என்பார்.

"என்ன சாட்சிங்கண்ணா?"

"ராக்கியண்ணன் தோட்டத்துல நான் இருக்கறது உங்களுக்குத் தெரியுமில்லீங்களா. அடுத்த மாசம் வந்தா பன்னண்டு வருஷமாச்சு. அதுக்கப்புறம் அனுபவ பாத்தியத்துல எடம் எனக்கேன்னு வக்கீல் சொல்றாருங்க."

ராக்கியண்ணன் ஆழ்குழாய்க் கிணறு போடும் போர் லாரியை எடுத்துக்கொண்டு வடக்கே போனவர். ஊர் ஊராகத் துளை போட்டு அடுத்தவர் காட்டில் தண்ணீர் கண்டார். சொந்தக் காடான இந்தத் தோட்டத்தை மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. முள் மண்டிக் கிடந்த அந்தக் காட்டில்தான் ஒண்ட இடமில்லாத செங்கோடனும் மனைவியும் நுழைந்தார்கள். முள்ளை வெட்டினார்கள், கிணற்றைத் தூர் வாரினார்கள், எலுமிச்சை வைத்தார்கள். இன்றைக்கு அதை விட்டால் செங்கோடனுக்குப் போக்கிடம் கிடையாது.

"அவரு உங்களை இருக்கச் சொன்னாரா?"

"ஐயோ, சொல்லியிருந்தா கேஸே போச்சுங்க! அவரு அனுமதியோட இருந்தா, எத்தனை வருஷம் இருந்தாலும் அது அவரு எடந்தான். கேக்காம பூந்து, அவருக்கு எதிரியா, நாலு பேருக்குத் தெரிய இருந்தாத்தான் அது என்ற எடம். சட்டம் அப்படிங்க."

"அப்ப அவரு உங்களுக்கு எதிரியா?"

"இன்னும் ஆகலீங்கம்மா. வெள்ளிக்கிழமை வர்றாராம். அன்னைக்குத்தான் ஆகோணும்."

சாமியம்மா சிரிக்கவில்லை.

"அப்ப நானும் வெள்ளிக்கிழமை வர்றேன். பார்க்காததை எப்படிச் சொல்றது?"

வெள்ளிக்கிழமை தோட்டத்துக் கேட்டில் பூட்டுத் தொங்கியது. சாவி செங்கோடன் இடுப்பில். வக்கீல் குமாஸ்தாவும் சாட்சிக்குக் கூட்டிவந்த இரண்டு பேரும் வேப்பமரத்தடியில் கயிற்றுக்கட்டிலை நிறைத்திருந்தார்கள். சாமியம்மா கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"சொன்னது ஞாபகம் இருக்கட்டும்," என்றார் குமாஸ்தா. "இது என் இடம், யாரும் உள்ள வரக்கூடாது. இதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம். அவரு இடம்னு உங்க வாயில வந்துச்சோ, பன்னண்டு வருஷமும் பாழ்."

செங்கோடன் தலையாட்டினார்.

உச்சி வெயிலில் ராக்கியண்ணன் வந்தார். ஒற்றை ஆளாக, நடந்தே வந்தார். போனபோது இருந்த உடம்பில் பாதிகூட இல்லை. கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது.

"செங்கோடா, நல்லாருக்கியா?"

செங்கோடன் இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"உள்ள வரலாமா?"

குமாஸ்தா தொண்டையைச் செருமினார்.

"இது என்ற எடம்," என்றார் செங்கோடன். அந்தக் குரல் அவருக்கே பிடிக்கவில்லை. "யாரும் உள்ள வரக்கூடாது."

சாட்சிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டார்கள்.

சாமியம்மா எழுந்தார். சேலையில் ஒட்டிய சருகைத் தட்டிவிட்டுக் கேட்டருகே வந்தார்.

"கொஞ்சம் திறங்கண்ணா."

செங்கோடன் திறந்தார். சாமியம்மா வெளியே போய் ராக்கியண்ணன் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"இனிப் பூட்டிக்குங்க."

"அம்மா! உங்களைச் சொல்லலீங்களே!"

"யாரும்னு சொன்னீங்களே."

"நீங்க என்ன அன்னியமுங்களா? வாங்கம்மா, உள்ள வாங்க!"

"இவரு?"

செங்கோடன் கட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"கேட்டைப் பூட்டுங்க!" என்று கட்டிலிலிருந்து அதட்டினார் குமாஸ்தா.

வெளியே இரண்டு பேர் வெயிலில் நின்றார்கள். உள்ளே நிழலில் இருந்த மூன்று பேரும் கேஸுக்காக வந்தவர்கள். மனைவி இருந்திருந்தால் இந்நேரம் தண்ணீர்ச் சொம்போடு ஓடிவந்திருப்பாள். செங்கோடனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இதை விட்டால் எங்கே போய்ப் படுப்பது என்ற பயமும் கூடவே வந்தது.

அவர் கேட்டைத் தாண்டி வெளியே வந்தார். வெளியிலிருந்து பூட்டினார். குமாஸ்தாவும் சாட்சிகளும் உள்ளே மாட்டிக்கொண்டார்கள்.

"யோவ், இன்னும் ஒரே மாசம்யா!" குமாஸ்தா கத்திக்கொண்டே ஓடிவந்து கம்பியை உலுக்கினார்.

செங்கோடன் சாவியை ராக்கியண்ணன் கையில் வைத்தார்.

"அண்ணா, உங்களைக் கேக்காம உங்க காட்டுல பூந்துட்டேனுங்க. இப்பக் கேக்கறேன். நான் உள்ள இருக்கலாமுங்களா?"

ராக்கியண்ணன் சாவியைப் பார்த்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் காய்த்துத் தொங்கிய எலுமிச்சையை வெகுநேரம் பார்த்தார். சாமியம்மா வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்.

ராக்கியண்ணன் பூட்டைத் திறந்தார். ஆனால் உள்ளே போகவில்லை.

"இந்தம்மாவை வாங்கன்னு சொன்ன," என்றார். "என்னை இன்னும் சொல்லலையே, செங்கோடா."