தேர் இழுக்க ஆளில்லை

முன்பொரு காலத்தில், எந்த நாடென்று கேட்காதீர்கள், ஒரு ராஜா ஆண்டுவந்தார். திருவிழா அன்று அவர் கொடியசைத்தும் தேர் நகரவில்லை. வடம் பிடிக்க ஐந்நூறு பேர் வரவேண்டிய இடத்தில் ஐம்பது பேர்தான் நின்றார்கள்.

"மற்றவர்கள் எங்கே?" என்று ராஜா சீறினார்.

விகடகவி சாத்தையன் முன்னே வந்தான். "பிழைப்புத் தேடி அண்டை நாட்டுக்குப் போய்விட்டார்கள், பிரபு. கால்வாயின் தொடக்கத்தில் மந்திரி கருணாகர ராயரும் அவருடைய நண்பர்களும் மூன்று போகம் விளைவிக்கிறார்கள். கடைமடைக்குச் சொட்டுத் தண்ணீர் வருவதில்லை."

"அப்படியா? அடுத்த திருவிழாவுக்குள் எல்லா வயலும் ஒரே பச்சையாக இருக்க வேண்டும். நீயே செய்!"

சாத்தையன்மேல் நெடுநாளாகப் புகைந்துகொண்டிருந்த ராயர் எழுந்தார். "செய்யட்டும், அரசே. ஆனால் எங்களுக்குச் சொந்தமான எதையும் தொடக் கூடாது. தொட்டால் கழுதைமேல் ஏற்றி நாடு கடத்த வேண்டும்."

ராஜா யோசிக்காமல் தலையசைத்துவிட்டார்.

அன்று சாத்தையனுக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி செங்கமலம் தலையில் அடித்துக்கொண்டாள். "எதெது அவங்க சொந்தம்னு கேட்டுக்கிட்டாவது வந்தீங்களா?"

சாத்தையன் இலையிலிருந்து துள்ளி எழுந்தான்.

மறுநாள் சபையில், "தங்கள் சொந்தங்களைச் சொல்லுங்கள், ராயரே. தவறித் தொட்டுவிடக் கூடாதல்லவா?" என்றான்.

ராயர் உற்சாகமாக அடுக்கினார். வயல், மாடு, வைக்கோற்போர், கொல்லைப் பூசணிக்கொடி வரை வந்தது.

"கால்வாய்க்கு வரும் ஏரித் தண்ணீர்?"

ராயர் ராஜாவை ஓரக்கண்ணால் பார்த்தார். அது ராஜாவின் பாட்டனார் வெட்டிய ஏரி. தன்னுடையது என்றால் தலை போகும்.

"அது... மன்னருடையது."

சாத்தையன் நேரே மதகுக்குப் போனான். ஊருக்கு இரண்டு நாள் என்று முறை வைத்தான். கடைமடைக்கு முதல் முறை. ராயர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "என் வயல் காய்கிறதே!"

"தங்கள் வயலை நான் தொடவேயில்லை, ஐயா. தங்கள் முறை திங்கட்கிழமை."

போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். மறு வருடம் தேர் நிலைக்கு வந்தபோது கடைமடை வரை எல்லா வயலும் ஒரே பச்சையாக இருந்தது. ராயருக்கு மூன்று போகம் இரண்டானது. அதற்காக அவர் இளைத்துவிடவில்லை.

ராஜா பூரித்துப்போனார். "சாத்தையா, உனக்கு ஐந்து வேலி நிலம் தருகிறேன். கால்வாயின் தொடக்கத்திலேயே எடுத்துக்கொள்."

"எங்கே கொடுத்தாலும் சரி, பிரபு. இப்போது எல்லா இடமும் ஒன்றுதான்."

ராஜா கிரீடம் நழுவச் சிரித்தார். சிரித்துக்கொண்டே, கடைமடையில் ஐந்து வேலியும் கையில் ஒரு பொற்காப்புமாக அவனை அனுப்பிவைத்தார்.