நொண்டிய கால்

முள்மரமும் காய்ந்த புல்லுமான ஆப்பிரிக்க வெட்டவெளி. மழை பொய்த்த வருஷம். கறவை ஆடெல்லாம் இனி தனக்கே என்று அறிவித்த தலைவர் லோமுரியா, ஆட்களோடு நாகிருவின் குடிசைக்கு வந்தார். பட்டி காலி.

"ஆட்டையெல்லாம் எங்கே ஒளிச்சே? பொழுது சாயறதுக்குள்ள காட்டணும். இல்லைன்னா குடிசையை எரிச்சிடுவேன்." தூரத்தில் மேய்ந்த நெருப்புக்கோழியைக் காட்டிச் சிரித்தார். "அதுவும் உன்னை மாதிரிதான். கண்ணு பெரிசு, மூளை சின்னது."

நாகிரு ஒரு காலை இழுத்து நொண்டியபடி, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு கிழக்கே நழுவினாள்.

"ஆட்டுக்கிட்டதான் போறா. சத்தம் போடாம வாங்க," என்றார் தலைவர்.

வெயிலில் நாளெல்லாம் பின்னாலேயே போனார்கள். பொழுது சாயும்போது ஒரு மொட்டைப் பாறையருகே நாகிரு நின்றாள். நொண்டலைக் காணோம்.

"கால் சரியாப் போச்சா?" தலைவருக்கு மூச்சு வாங்கியது.

"முட்டைப் பக்கம் ஆள் வந்தா நெருப்புக்கோழி இப்படித்தான் நொண்டிக் காட்டும், தலைவரே. துரத்துறவன் தூரமா வந்திடுவான்."

"ஆடு?"

"நீங்க நின்னு சிரிச்ச இடத்துக்குப் பின்னாடி, ஓடைப் பள்ளத்துல வாயைக் கட்டி வெச்சிருந்தேன். இந்நேரம் என் தங்கச்சி மலை தாண்டி ஓட்டிட்டுப் போயிருப்பா. குடிசையை எரிச்சுக்குங்க. ஏன் எரிச்சீங்கன்னு ஊர் கேட்டா, நடந்ததை நீங்களே சொல்லுங்க."

குடிசை இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.