யார் கடைசி?

"கையை நீட்டு" என்றார் ஆசிரியர். வேம்பி நீட்டினாள்.

கேளுங்கள், பிள்ளைகளே. பெரியவர்களே, நீங்கள் இன்னும் கவனமாகக் கேளுங்கள். அரசர்கள் யானைமேல் போன காலத்தில், உப்பு வணிகர் தெருவில் சுவரில்லாத ஒரு கொட்டகைதான் பள்ளிக்கூடம். அங்கே ஒரு வழக்கம். முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் ஆசிரியர் பிரம்பு நுனியால் ஒரு புள்ளி வைப்பார். அடுத்து வருபவனுக்கு ஓர் அடி. அதற்கடுத்தவனுக்கு இரண்டு. இப்படியே ஏறும். கடைசிப் பிள்ளை எப்போதும் வேம்பி.

விடிந்தால் அவள் வீட்டில், எந்த மாட்டை வண்டியில் பூட்டுவது என்று அப்பாவும் சித்தப்பாவும் சண்டை போடுவார்கள். அம்மா இருவரையும் ஏசுவாள். தம்பி உப்பு மூட்டைமேல் ஏறிக்கொண்டு அழுவான். அவனுக்குக் கஞ்சி ஊட்டி, அவிழ்ந்தோடிய மாட்டைப் பிடித்துக் கட்டிய பிறகுதான் வேம்பி ஓட முடியும். நேரமாகிறது என்று அப்பாவிடம் சொன்னாள். சித்தப்பாவிடம் சொன்னாள். அம்மாவிடம் சொன்னாள். ஒவ்வொருவரும் மற்ற இருவரையும் கைகாட்டினார்கள்.

அன்று ஆசிரியர் ஏன் தாமதம் என்று கேட்டார். வீட்டைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனமில்லை. எங்கள் வீடு ஒரு கப்பல், புயலில் சிக்கிவிட்டது என்றாள். பொய்க்கு ஓர் அடி கூடியது. மறுநாள், பாய்மரம் முறிந்தது என்றாள். இன்னோர் அடி. நாளையும் கடைசியாக வந்தால் இந்தப் பக்கமே வராதே என்றார். அவள் வீட்டுச் சண்டை தினமும் கொட்டகை வரை கேட்கும். அவர் காதிலும் விழுந்துகொண்டுதான் இருந்தது.

மூன்றாம் நாள் வேம்பி மூச்சிரைக்க ஓடி வந்தாள். தெருமுனைப் பூவரச மரத்தடியில் பிள்ளைகள் எல்லோரும் நின்றார்கள்.

"கப்பல் என்னடி ஆச்சு?" என்றான் கொற்றன். தினமும் புள்ளி வாங்குகிறவன் அவன். "உன்னைத் துரத்திட்டா மீதிக் கதையை யார் சொல்லுவா?"

"நடங்க, சொல்றேன்."

கதை முடிவதற்குள் கொட்டகை வந்துவிட்டது. கைகோத்து, தோளோடு தோளாக, எல்லோரும் ஒன்றாக உள்ளே கால் வைத்தார்கள்.

"யார் கடைசி?" என்றார் ஆசிரியர்.

"கடைசி யாருமில்லைங்க ஐயா" என்றான் கொற்றன்.

"முதல்?"

"அதுவும் இல்லைங்க" என்றாள் வேம்பி.

பிரம்பு மூன்று முறை எழுந்தது. எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்று தெரியாமல் மூன்று முறையும் அடிக்காமலே இறங்கியது. அவர் திருந்தினார் என்று நான் சொல்லமாட்டேன். பிரம்பைக் கூரையில் செருகினார், அவ்வளவுதான். வேம்பியின் வீட்டில் அப்போதும் மாட்டுச் சண்டை ஓயவில்லை.

பெரியவர்கள் செய்யும் குழப்பத்துக்குப் பிள்ளையின் கையில் அடிப்பது நீதி ஆகாது.

பிள்ளைகள் மணலில் எழுத உட்கார்ந்தார்கள். கொற்றன் சற்று நகர்ந்து, வேம்பிக்கு முன்னால் இருந்த மணலைத் தன் கையால் தடவிச் சமப்படுத்தினான்.