மாசானமுத்து கட்டிய பாட்டுப் பெட்டி

எங்கள் மந்தாரவிளையில் புத்திசாலிகளே கிடையாது என்று அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் சொல்வார்கள். அது பொய். இருந்தார்கள். வெளியூரில் பெண் எடுத்து அங்கேயே தங்கிவிட்டார்கள். மிச்சம் இருப்பது நாங்கள்தான். அதனால் மாசானமுத்து ஒருவரையே பார்த்து மொத்தச் சிரிப்பையும் சிரித்துவிடாமல், எங்களுக்கும் கொஞ்சம் வையுங்கள்.

மாசானமுத்துவுக்கு ஒரே மகள். அவளுக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவது வழக்கம். அந்தத் தாய்மாமன் பெயர் ஐகோர்ட்ராஜா, டவுனில் மைக் செட் வைத்திருந்தான். பாட்டும் நானே போட்டுவிடுகிறேன் அத்தான் என்று அவன் அன்பாகத்தான் சொன்னான். மாசானமுத்துவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

"மடியும் அவனுது, பாட்டும் அவனுதுன்னா, அப்பன்னு நான் எதுக்கு?" என்று மனைவி செல்லக்கனியிடம் கேட்டார். கேட்கும்போதே கண் கலங்கிவிட்டது. யோசித்துப் பார்த்த செல்லக்கனிக்கும் எதற்கென்று விளங்கவில்லை.

சொந்தக் கையால் ஸ்பீக்கர் பெட்டி செய்வது, மகள் காதுகுத்துக்கு அதுதான் பாடுவது என்று முடிவாயிற்று. கூட்டாளிகள் லிங்கதுரையும் பிச்சமுத்துவும் துணைக்கு வந்தார்கள். மூவருக்கும் சுத்தியல் பிடிக்கத் தெரியும். எந்த முனையைப் பிடிப்பது என்பதில்தான் கருத்து வேறுபாடு.

ஸ்பீக்கர் விற்ற கடைக்காரர் நல்ல மனிதர். வந்தவர்கள் எந்த ஊர் என்று மட்டும் கேட்க மறந்துவிட்டார். "மரம் பேசக் கூடாது அண்ணாச்சி, ஸ்பீக்கர்தான் பேசணும். மூட்டு எல்லாத்தையும் உள்ள இருந்து பசை போட்டு அடைக்கணும், காத்து போகப்படாது. உள்ள பஞ்சு வைக்கணும், இல்லன்னா இரைச்சலா இருக்கும். பசை காயுறவரைக்கும் பெட்டியைப் பிரிச்சிராதீங்க."

மூவரும் இதை பஸ்ஸில் ஊர் வரும்வரை ஒப்பித்துக்கொண்டே வந்தார்கள். இறங்கும்போது கண்டக்டருக்கும் மனப்பாடமாகியிருந்தது.

முதல் வேலை, பேசாத மரம் கண்டுபிடிப்பது. ஊர் எல்லையில் நின்ற வேப்பமரத்திடம் போய், நீ பேசுவாயா என்று மரியாதையாகக் கேட்டார்கள். மேலே இருந்து காக்கை கத்தியது. வேம்பு தள்ளுபடி. அப்புறம் மரக்கடைக்குப் போனார்கள். அங்கே எந்தப் பலகையும் வாய் திறக்கவில்லை. பிச்சமுத்துவுக்குத்தான் சந்தேகம் வந்தது. மரியாதையாகக் கேட்டால் யார்தான் எதிர்த்துப் பேசுவார்கள், வைது பார்க்க வேண்டும் என்றார். அதுவும் சரிதான் என்று ஒரு பலாப் பலகையை அதன் அப்பன் பாட்டன் வரைக்கும் இழுத்து வைதார்கள். பலகைக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த கடைக்காரர் அதைவிட மோசமாகத் திருப்பி வைதார். பலாமரம் பேசுவது மட்டுமில்லை, அசிங்கமாகவும் பேசும் என்று தெரிந்துகொண்டு திரும்பினார்கள்.

வீட்டு வாசலில் காலை வைத்ததும் மாசானமுத்துவுக்குப் பளிச்சென்று பட்டது. நிலையில் தலை இடிக்கும்போதெல்லாம் அவர் வைவது தெருக்கதவைத்தான். அது ஒருநாளும் பதில் சொன்னதில்லை. பின்கதவு முன்பெல்லாம் கிரீச்சிடும், எண்ணெய் விட்டதிலிருந்து வாயை மூடிக்கொண்டது. இரண்டையும் கழற்றி அறுத்தார்கள். திறந்து கிடந்த வீட்டுக்குள் ஆடு புகுந்துவிட்டது என்று செல்லக்கனி கத்தியபோது, கதவைச் சாத்து என்று மாசானமுத்து அறுப்பு வேலையிலிருந்தே பதில் கொடுத்தார்.

அடுத்து பஞ்சு. உள்ளே வைக்க வேண்டும் என்றால் எதற்குள்ளே என்று வெகுநேரம் யோசித்தார்கள்.

"இரைச்சல் எங்க போகுது? காதுக்குள்ள. அப்போ பஞ்சை எங்க வைக்கணும்?" என்றார் லிங்கதுரை.

மூவரும் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு ஆணி அடித்துப் பார்த்தார்கள். இரைச்சலே இல்லை. ஸ்பீக்கர் கடைக்காரரின் தொழில் அறிவை நினைத்து மாசானமுத்து மெய்சிலிர்த்துப் போனார்.

உள்ளேயிருந்து பசை போடும் பொறுப்பையும் அவரே ஏற்றுக்கொண்டார். மகளுக்குச் செய்வதை அடுத்தவரிடம் விடுவாரா? பசைச் சட்டியோடு பெட்டிக்குள் உட்கார்ந்து மூலை மூலையாகப் பூசினார். வெளியே இருந்த இருவரும் பின்பலகையை வைத்து ஆணி அடித்தார்கள். காதில் பஞ்சு இருந்ததால் அவர் கூப்பிட்டது அவர்களுக்குக் கேட்கவில்லை, அவர்கள் அடித்தது அவருக்குக் கேட்கவில்லை. இன்றைக்குச் சீக்கிரமே இருட்டிவிட்டதே என்றுதான் நினைத்தார்.

ஸ்பீக்கரைப் பொருத்தப் போன பிச்சமுத்து, அதற்காக வெட்டியிருந்த ஓட்டையில் மாசானமுத்துவின் முகத்தைப் பார்த்தார். பஞ்சை எடுத்துவிட்டு ஆலோசனை நடந்தது. பிரிக்கலாமா என்றால், பசை இன்னும் காயவில்லை. பிரிக்க வேண்டாம் என்று உள்ளேயிருந்து மாசானமுத்துவே கண்டிப்பாகச் சொன்னார். ஸ்பீக்கரை வைத்து ஓட்டையை அடைத்தால் அவருக்கு மூச்சு முட்டும். ஆகவே ஸ்பீக்கர் வெளியே இருக்கட்டும், அதன் வேலையைத் தானே பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டார். ஓட்டைக்கு முன்னால் ஒரு கறுப்புத் துணியைக் கட்டினார்கள்.

விடிந்தால் காதுகுத்து. விடிந்தும் பசை காயவில்லை, பெட்டியை அப்படியே கோயில் வாசலுக்குத் தூக்கிவந்து வைத்தார்கள். மாசானமுத்து தாலாட்டில் தொடங்கி, கும்மிப் பாட்டு ஒன்றையும் பாடி முடித்தார். பந்தலே தலையாட்டியது. ஐகோர்ட்ராஜா பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, ஒயரே இல்லாமல் இவ்வளவு துல்லியமா என்று அசந்து நின்றான். பெட்டிக்குள் மாசானமுத்துவுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. அதையும் ஒரு பாட்டு என்று நினைத்துச் சிலர் கைதட்டினார்கள்.

குழந்தையை மாமன் மடியில் வைத்தாயிற்று. காது குத்த வந்த ஆசாரி, பெற்ற தகப்பன் பக்கத்தில் நிற்காமல் ஊசியை எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். செல்லக்கனி கையைப் பிசைந்தாள். லிங்கதுரை பெட்டியிடம் ஓடிவந்து, ஒரு அறிவிப்புக் கொடுக்கச் சொன்னார்.

"குழந்தையின் தகப்பனார் மாசானமுத்து அவர்கள் எங்கிருந்தாலும் உடனடியாகப் பந்தலுக்கு வரவும்," என்று பெட்டி கணீரென்று கூப்பிட்டது.

யாரும் வரவில்லை. பெட்டி மறுபடியும் கூப்பிட்டது. அப்புறமும் வரவில்லை. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. மாசானமுத்துவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற பிள்ளை காத்திருக்கும்போது இப்படியும் பொறுப்பில்லாத ஒரு மனுசனா? துணிக்கு அருகே வாயை வைத்து ரகசியமாகச் சொன்னார்.

"ஏய் லிங்கம், அந்த ஆளை நம்பிப் பிரயோசனம் இல்ல. பெட்டியை உடைங்க, நானே வந்து பக்கத்துல நிக்கேன்."

லிங்கதுரை நன்றாக யோசித்துப் பார்த்தார்.

"பெட்டியை உடைச்சிட்டா, அப்புறம் அவரைக் கூப்பிட நம்மகிட்ட என்னவே இருக்கு?"

அதுவும் நியாயம்தான் என்று மாசானமுத்துவுக்குப் பட்டது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட ஆரம்பித்தார்.