பத்து நிமிடம் முந்திய கடிகாரம்

மூன்றாவது முறையும் கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் துடித்தது.

தணிகாசலம் புது லேப்டாப்பை அணைத்தார். வீட்டுப் பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி வந்த ஹார்ட் டிஸ்க் ஒயரின் முனையில் சூடாகக் கிடந்தது.

"எல்லாத்தையும்தான் காப்பி பண்ணிட்டீங்களே சார். அப்புறம் என்ன?" என்றாள் பெனாசிர்.

பழுதுபார்க்கும் கடை அவளுடையது. தபால் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் ஆறு மாதமாக அவளிடம் தொழில் படிக்கிறார். அவளுக்கு அவரில் பாதி வயது. டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

ஃபைல்கள் இருக்கட்டும் என்றார். இறந்துபோன மனைவி கோமளா கடைசியாக அணைத்துவிட்டுப் போன திரை அப்படியே வர வேண்டும். ஓரத்தில் கடிகாரம் பத்து நிமிடம் முந்தி ஓடும். வேலைக்குப் போகும் பஸ்ஸை விடக் கூடாதென்று அவள் வைத்தது. உங்களுக்கு பஸ்ஸோட முதுகுதான் தெரியும் என்று அவரைக் கேலி செய்வாள்.

பெனாசிர் லேப்டாப்பின் அமைப்புக்குள் போய் ஒன்றை மாற்றினாள். மறுபடி போட்டாள்.

வெகுநேரம் கழித்துத் திரை வந்தது. வாலில்லாத அவர்கள் வீட்டுப் பூனையின் படம். அதை மறைக்காதபடி வலது ஓரத்தில் ஒதுக்கி வைத்த ஐகான்கள். தணிகாசலம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டிலும் ஐந்து இருபத்தெட்டு.

"டீச்சர், அந்தப் பத்து நிமிஷம் எங்கே?"

நேரம் டிஸ்கில் இருக்காது, கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருக்கும் போர்டில் ஒரு சின்ன பேட்டரியோடு ஓடுவது என்றாள். பழைய பெட்டி எங்கே என்று கேட்டாள்.

டிஸ்க்தான் எல்லாம் என்று நினைத்து, மிச்சத்தைப் போன வாரமே பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டதைச் சொன்னார்.



"இதிலேயே மாத்தி வெச்சுடலாமா?"

"வெக்கலாம் சார். ஆனா அது நீங்க வெச்சதா இருக்கும்."

அவர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். பூனையைப் பார்த்தபடி சற்று உட்கார்ந்திருந்தார்.

அவருடைய பஸ் ஐந்தே முக்காலுக்கு. ஐந்து நிமிட நடை. தினமும் ஐந்து நாற்பதுக்கு எழுந்து ஓடுவார்.

மணி ஐந்தரை ஆனது. தணிகாசலம் சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.